அகோசிட்டா என்ற பெயரில் ஒரு கோப்பு

நுகுஅலோஃபா
ஜூன் 4, 2019

அக்காவுக்கு,

இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் காலோவோடு சண்டையும் இல்லை. போனில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். போனில் நீங்கள் மூச்சு விடுவது கேட்கும். அப்புறம் நான் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

வேலை விஷயம்தான். இங்கே ஆஸ்பத்திரியை ஒட்டிய எங்கள் பெண்கள் கிளினிக்கில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பட்டியல் எடுப்போம். பரிசோதனை முடிவு வந்தும் திரும்பி வராத பெண்களின் பட்டியல். நர்ஸ் மாஃபி பெயர்களை வாசிப்பாள். நான் போன் எண்களைத் தேடுவேன். போன வாரம் பதினோரு பெயர்கள். ஏழாவது, வவாவுத் தீவிலிருந்து வந்தது. அகோசிட்டா லவாகா.

அம்மாவின் பெயர். கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

“டாக்டர், இவங்களுக்கு நம்பரே இல்ல. ஊர் பேரு மட்டும் இருக்கு. பேயா என்ன?” என்றாள் மாஃபி.

சிரித்தேன். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது என்று அவளுக்குத் தெரியாது.

பிறந்த தேதி என்ற இடத்தில் மார்ச் 19, 1982 என்று இருந்தது. அது அம்மாவுடையது இல்லை. யாருடையது என்று நான் எழுத மாட்டேன்.

நீங்கள் பள்ளிக்கூட ஆசிரியை. அங்கே எல்லோரையும் தெரிந்தவர். அந்தப் பெண் யாரென்று தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: முடிவு வந்திருக்கிறது. நல்ல முடிவு இல்லை. அவள் வர வேண்டும்.

மன்னியுங்கள்.

நெத்தானி


நெயாஃபு, வவாவு
ஜூன் 11

நெத்தானி,

உன் கடிதத்தைப் பள்ளி அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் பிரித்தேன். மூன்றாவது பத்தியில் மடித்துவிட்டேன். மிச்சத்தைக் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். முப்பத்தேழு வயதில்.

அகோசிட்டா என்ற பெயரில் இந்தத் தீவில் குறைந்தது இருபது பேர் இருப்பார்கள். பெண்களின் பெயரையும் பிறந்த தேதியையும் அக்காவுக்கு எழுதிக்கொண்டிருப்பது எப்போதிருந்து டாக்டர் வேலை ஆயிற்று?

உனக்கு ஒன்பது வயதில் அம்மா உன் பாயைச் சுருட்டி பையன்கள் படுக்கும் குடிசைக்கு அனுப்பினாள். “இனிமே அக்கா படுக்குற கூரைக்குக் கீழ நீ படுக்கக் கூடாது.” ஏன் என்று கேட்டாய். “ஏன்னெல்லாம் கேக்காத. மரியாதை.” தலையணையைக் கட்டிக்கொண்டு போனாய். அழவில்லை. அதற்குப் பிறகு டிவியில் யாராவது யாரையாவது நெருங்கினால் போதும், நீ எழுந்து நாய்க்குச் சோறு வைக்கப் போவாய். நம் நாய் அவ்வளவு குண்டானது அதனால்தான்.

அந்த மரியாதையை எனக்கு நீ தந்தாய் என்று நினைக்காதே. நாம் இருவரும் சேர்ந்து வைத்திருப்பது அது. ஒருவர் கைவிட்டால் விழும்.

சியூ நன்றாக இருக்கிறாள். மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்தது. அவள் அப்பா ஃபெலெட்டி ஆஸ்திரேலியாவில் தக்காளி பறிக்கிறார், அக்டோபரில் வருவார். வேறு செய்தி இல்லை.

லோசெலி


நுகுஅலோஃபா
ஜூன் 15

அக்காவுக்கு,

திட்டியது சரி. நான் எழுதியிருக்கக் கூடாது.

ஆனால் நேற்று மறுபடி வெள்ளிக்கிழமை. பதினோரு பேரில் எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தி நியூசிலாந்துக்குப் போய்விட்டாள். ஒருத்தி வர மறுக்கிறாள், அவள் வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது. மீதி ஒரு பெயர்.

அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அவளுடைய கருப்பை வாயில் செல்கள் மாறியிருக்கின்றன. (உங்களுக்கு எழுதும் காகிதத்தில் இந்தச் சொல்லை எழுதுவேன் என்று நினைத்ததே இல்லை. எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன்.) மூன்று படிகள் உண்டு. இது மூன்றாவது. இன்னும் புற்று ஆகவில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும், துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல், செல்கள் தடவிய ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு பொய்ப் பெயரும் மட்டும் என்னிடம் இருக்கின்றன.

வேறு கிளினிக்கில் கொடுத்தால் எங்களுக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருப்பாள். அந்தக் கிளினிக்குக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. அவர்களும் இங்கேதான் அனுப்புகிறார்கள்.

அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மாதக் கணக்குக்கு வெளியே இரத்தம் போகிறதா? பதில் எனக்கு வேண்டாம். ஆம் என்றால் அவள் காத்திருக்க வேண்டாம்.

நெத்தானி


நெயாஃபு
ஜூன் 21

நெத்தானி,

அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

படகுத்துறைக்கு மேலே இருக்கும் அந்தத் தனியார் கிளினிக்குக்கு ஏன் போனாய் என்று கேட்டேன். மஞ்சள் சுவர், இரண்டு நாற்காலி, ஒரே ஒரு டாக்டர். பாய்மரப் படகில் வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுக் கிழவர். அவருக்கு இந்தத் தீவில் அக்கா இல்லை, தங்கை இல்லை, சித்தப்பா மகள் இல்லை. அதுதான் அவருடைய பட்டம் என்றாள்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் அப்படி இல்லை. அங்கே அவளுடைய தம்பி இருக்கிறான். பெயர் சொன்னால் அவன் மேசைக்குப் போகும். பரிசோதனைக்குப் படுத்தால் அவன் வருவான். அவன் வராவிட்டாலும், அவன் பக்கத்து அறையில் டீ குடித்துக்கொண்டிருப்பான். அதற்கு அம்மாவின் பெயர் பரவாயில்லை என்று தோன்றியதாம். அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாள். பிறந்த தேதியைக் கேட்டபோது மட்டும் பொய் வாயில் வரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பொய்தான் அவளால் முடியும்.

கிழவரிடம் ஒரு மெஷின் இருக்கிறது. “அந்த இடத்தைச் சூடு வெச்சுக் கருக்கிடலாம். அரை மணி நேரம். அன்னிக்கே வீட்டுக்கு நடந்து போயிடலாம்” என்றாராம். ஜூலை பன்னிரண்டு. சரி என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே பட்டியலில் அவள் பெயரை அடித்துவிடு.

ஒன்று கேட்கிறேன். எத்தனையோ இருக்கின்றன, கண், பல், எலும்பு. இதை ஏன் படித்தாய்? ஃபிஜியிலிருந்து படிப்பு முடித்து வந்தபோது ஊரே கேட்டது, நான் கேட்கவில்லை. சந்தையில் கிழங்கு விற்கும் வைகா இன்றும் கேட்கிறாள். “லோசெலி, உன் தம்பி தேர்தல்ல நின்னா பொம்பளை ஓட்டெல்லாம் அவனுக்குத்தான்! நாட்டுல பாதிப் பேரை அவனுக்குத் தெரியுமே!” பக்கத்துக் கடைக்காரி முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் கூடையை இறக்கிவைத்து, மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். களைப்பு.

அவளுக்கு. களைப்பு அவளுக்கு.

லோசெலி


நுகுஅலோஃபா
ஜூன் 25

அக்காவுக்கு,

கருக்க வேண்டாம். தயவுசெய்து அவளிடம் இன்றே சொல்லுங்கள்.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. எனக்கு அவரைத் தெரியும். ஆனால் கருக்கினால் அங்கே என்ன இருந்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. சாம்பலைப் பரிசோதிக்க முடியாது. வெட்டி எடுக்க வேண்டும், எடுத்ததைப் பார்க்க வேண்டும், ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெட்டும்போது சிலருக்கு இரத்தம் நிற்காது. நூறில் ஓரிருவருக்கு. எங்கள் கிளினிக்கிலிருந்து அறுவை அறைக்கு மூன்று கதவுகள். அதற்குப் பின்னால் இரத்த வங்கி. அந்த மஞ்சள் கட்டடத்தின் கதவைத் திறந்தால் கடல்.

எங்கள் தலைமை டாக்டர் லெசியெலி ஒரு பெண். இப்போது ஆக்லாந்தில் மகள் வீட்டில், ஆகஸ்ட் வரை லீவு. நேற்றுக் கூப்பிட்டேன். ஒரு நோயாளிக்காக ஜூலையில் வர முடியுமா என்று கேட்டேன். “நீ எதுக்கு இருக்க? உனக்குக் கை இல்லையா?” என்றார். இந்த ஒருத்திக்கு மட்டும் எனக்குக் கை இல்லை என்றேன். பேரனை வெளியே போய் விளையாடச் சொன்னார். பிறகு, “புரிஞ்சுது. பதினஞ்சாம் தேதி வர்றேன். பேரனோட பிறந்தநாளைக் கெடுத்துட்ட. ஒரு நல்ல பாய் பின்னித் தரச் சொல்லு அந்தப் பொண்ண” என்றார்.

ஏன் படித்தாய் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. இது மட்டும் தெரியும். இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பதிவு அறைக்குப் போய் அம்மாவின் கோப்பைத் தேடினேன். வயிற்று வலியில் போனாள் என்று என்னிடம் சொன்னீர்கள் எல்லோரும். என்ன வலி என்று பார்க்க நினைத்தேன். பெயர் வரிசையில் தேடினேன், ஊர் வரிசையில் தேடினேன். கோப்பு இல்லை. தொலையவில்லை அக்கா. அம்மா ஒரு முறைகூட வரவில்லை.

இப்போது அம்மாவின் பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு தாள். அதை மூட என்னால் முடியாது.

நெத்தானி


நெயாஃபு
ஜூலை 2

நெத்தானி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிக்கலாம்.

வயிற்று வலி இல்லை. இரத்தம். பதினான்கு மாதம்.

எனக்குத் தெரியும். துணிகளை நான்தான் துவைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நீயும் அப்பாவும் தோட்டத்துக்குப் போன பிறகு. அம்மா ஒரு நாளும் கேட்கவில்லை. துணியைப் பேசினுக்குள் போட்டு மேலே இன்னொரு துணியால் மூடி வைப்பாள். நான் எடுப்பேன். உலர்த்திய பிறகு மடித்து அவள் பாய்க்கு அடியில் வைப்பேன். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதையும் மரியாதை என்றுதான் நினைத்தேன்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். எனக்கு இருபத்தேழு வயது. சின்னப் பெண் இல்லை. அப்போது உன் கிளினிக்கில் அம்மாவின் தம்பி முறையாகும் ஒருவர் வார்டு உதவியாளராக இருந்தார். தரை துடைப்பவர். அவருக்காக அம்மா போகவில்லை. நான் அதைச் சரி என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது இன்னொன்று. போன செவ்வாய், பள்ளியில் தரைப் பாயில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது தெரிந்தது. நல்லவேளை பாவாடைக்கு மேலே இடுப்புப் பாயைச் சுற்றிக் கட்டியிருந்தேன், அது மறைத்தது. வீட்டுக்கு வந்து பாவாடையை வாளியில் போட்டு, மேலே துண்டைப் போட்டு மூடினேன். குளித்துவிட்டு வந்தால் வாளி இல்லை. தொட்டிக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

சியூ.

குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்தும் நிமிரவில்லை. பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டு, அதன் மேல் தன் அப்பாவின் பெரிய சட்டையைப் போட்டு மறைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவு நேர்த்தி.

“சாப்பாடு போடட்டுமாம்மா?” என்று கேட்டாள்.

போடு என்றேன்.

கிழவரிடம் போய்ப் பன்னிரண்டாம் தேதி வேண்டாம் என்று சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். “நல்லது. ரத்தம் நிக்கலன்னா என்ன செய்யறதுன்னு எனக்கும் ரெண்டு நாளா தூக்கம் இல்ல” என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நானும் எத்தனையோ விஷயங்களை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ஆனால் நெத்தானி, நீ அந்த அறையில் இருக்க மாட்டாய் என்பது போதாது. அந்தக் கட்டடத்தில் இருக்க மாட்டாய் என்பதும் போதாது. நான் அங்கே படுத்திருக்கும்போது நீ எங்கே இருப்பாய்? அதைச் சொல். அது தெரியாமல் விமானத்தில் ஏற மாட்டேன்.

லோசெலி


நுகுஅலோஃபா
ஜூலை 5

அக்காவுக்கு,

உங்கள் வீட்டில் இருப்பேன்.

பதின்மூன்றாம் தேதி கப்பல் ஏறுகிறேன். நீங்கள் பதினைந்தாம் தேதி காலை விமானத்தில் வாருங்கள். நான் உங்கள் ஊர்த் துறையில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வர மாட்டேன். நீங்கள் கிளம்பும் வரை பாதிரியார் வீட்டில் இருப்பேன். விமானச் சத்தம் கேட்ட பிறகு வருவேன். படுப்பது சமையல் கொட்டகையில்.

சியூவை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள்தான் என்னைப் பார்த்துக்கொள்வாள் என்பது வேறு விஷயம். நம் வழக்கத்தில் தாய்மாமன் என்றால் அக்கா பிள்ளைகளுக்கு வேலைக்காரன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன முறை வந்தபோது, “மாமா, உங்க வாட்ச் எனக்குப் பிடிச்சிருக்கு” என்றாள். கழற்றிக் கொடுத்தேன். இந்த முறை வாட்ச் கட்டாமல் வருகிறேன். தண்ணீர்த் தொட்டியின் கூரை ஒழுகுகிறது என்று ஃபெலெட்டி சொன்னார். தகரம் கொண்டு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு காலோ உங்களோடு வருவாள். இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, பயத்தில். கணவனின் அக்காவைக் கூட்டிக்கொண்டு இப்படி ஓர் இடத்துக்குப் போவதை அவளுடைய அம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

அம்மாவின் துணிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த மாதங்களில் தொட்டிக்குப் பின்னால் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். நான் பார்த்திருக்கிறேன். குழாய் ஒழுகுகிறது என்று நினைத்து இரண்டு முறை குழாயை மாற்றினேன்.

அவ்வளவுதான் எழுத முடிகிறது.

நெத்தானி


நுகுஅலோஃபா
ஜூலை 18

நெத்தானி,

முதலில் உன் வீட்டைப் பற்றி. நான் வருவதற்குள் காலோ உன் துணிகளையெல்லாம் கொடியிலிருந்து எடுத்து ஒளித்துவிட்டாள். ஒரு காலுறை மட்டும் தப்பியது. அதைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது. நான் வானத்தைப் பார்த்தேன். நாற்காலியில் உட்காரச் சொன்னால் தரையில் உட்காருகிறாள். சேம்பிலையில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுட்டது, மூன்று வேளையும். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் தொடவில்லை. இரண்டாம் நாள் என் தட்டை அவள் முன்னால் தள்ளினேன். “எனக்கு முன்னாடி நீ சாப்பிடலன்னா நான் ஆஸ்பத்திரிக்கு வரல” என்றேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

கவுண்டரில் மாஃபி.

“பேரு?”

சொன்னேன்.

“இதுக்கு முன்னாடி இங்க பதிஞ்சிருக்கீங்களா?”

“வேற பேருல.”

எந்தப் பெயர் என்று சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “ஐயோ. அந்தப் பேய் நீங்கதானா?” என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என் முகத்தில் உன் மூக்கு இருக்கிறது. பார்த்திருப்பாள். அம்மாவின் கோப்பிலிருந்த தாளை எடுத்துப் புதிய கோப்பில் வைத்தாள். வெறும் உறையைக் கிழிக்கப் போனாள். கிழிக்க வேண்டாம், அது வேறொருவருடையது, அலமாரியில் இருக்கட்டும் என்றேன். அவள் அதை அலமாரியில் வைத்தாள்.

லெசியெலி நல்லவர். கை வெதுவெதுப்பாக இருந்தது. பாதியில் இரத்தம் நிற்கவில்லை. நீ சொன்ன நூறில் ஓரிருவரில் நான் ஒருத்தி. தள்ளுவண்டியில் கொண்டு போனார்கள். கதவுகளை எண்ணினேன். மூன்று. நீ சொன்னது சரி. மூன்றாவது கதவுக்குப் பிறகு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது காலோ என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

எடுத்துவிட்டார்கள். ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று தெரிய இரண்டு வாரம் ஆகுமாம். “முடிவு உங்க தம்பி மேசைக்குத்தான் வரும். அவன் படிக்கலாமா, இல்ல நான் படிக்கட்டுமா?” என்று கேட்டார். யோசித்தேன். அவன் படிக்கட்டும் என்றேன். என்னிடம் நேரில் சொல்லாதே. போன் வேண்டாம். எழுது. அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாதே. எனக்கு என்னவென்று எழுது.

பயமாக இருக்கிறது. இதையும் உன்னிடம் சொன்னதில்லை.

இன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தேன். சியூ எடுத்தாள். மாமா எங்கே என்று கேட்டேன். “தொட்டிக் கூரை மேல. சுத்தியலால கையில அடிச்சுக்கிட்டு கெட்ட வார்த்தை சொன்னாரு. நான் கேக்காத மாதிரி இருக்கேன்” என்றாள். சரி, வாசல் கதவைச் சாத்திவிட்டு உட்கார் என்றேன். நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எனக்கு என்ன நோய், எங்கே வந்தது, என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றையும் அதனதன் பெயரிலேயே அவளிடம் சொன்னேன்.

லோசெலி